புள்ளிக்குப் பின்னால் மூன்று

அளவுகோலின் குறுக்குச் சட்டம் மெதுவாகக் கீழே இறங்கி, குதிரையின் பிடரி மயிர் முடிகிற மேட்டில் உட்கார்ந்தது. பெங்களூரிலிருந்து குதிரை வாங்க வந்திருந்த தேவய்யா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். சட்டத்தைத் தூக்கி மறுபடியும் இறக்கினார். குதிரை காதைப் பின்னால் மடித்தது. அதன் கயிற்றைப் பிடித்திருந்த மஸ்தான் பாய், "சும்மா இரு கண்ணு, ஒண்ணும் பண்ண மாட்டாரு" என்று அதன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு ஒண்ணு" என்றார் தேவய்யா.

நாங்கள் எல்லோரும் லாயத்துக் கதவில் மாட்டியிருந்த புதுப் பலகையைப் பார்த்தோம். பச்சைப் பெயின்ட்டில் வெள்ளை எழுத்து. உயரம்: 15.3.

தேவய்யா தான் கொண்டுவந்த அளவுகோலை மடக்கினார். "ஈ குதுரே, ஆ குதுரே அல்ல" என்றார். எங்கள் பக்கத்தில் கன்னடம் தெரியாதவர்கள் குறைவு. மேனேஜர் சந்திரமோகன் சாருக்கு மட்டும் தெரியாது, மெட்ராஸ்காரர். "இந்தக் குதிரை அந்தக் குதிரை இல்லைங்கறாரு சார்" என்று நான்தான் தமிழில் சொன்னேன்.

அவர் குதிரையைப் பார்க்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. நேராக மஸ்தான் பாயைப் பார்த்தார்.

"எங்கய்யா மாத்துன?"

இந்தத் தொடரை நிதானமாக எழுதுவேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். இந்த வாரம் மன்னிக்கட்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இரண்டு சொற்கள் என் காதில் விழுந்தால் நிதானம் எல்லாம் எங்கோ போய்விடுகிறது.

லாயத்துக்குள் ஃபாக்டரி

எண்பதுகளின் தொடக்கம். சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போய் வந்து கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன். டைப்பும் தெரியும். ஓசூருக்கும் பேரிகைக்கும் நடுவில் இருந்த ஒரு குதிரைப் பண்ணையில் ஆபீஸ் வேலை கிடைத்தது. முதலாளி பெங்களூரில் ஓட்டல் நடத்துகிறவர், மாதத்துக்கு ஒரு முறை காரில் வந்து போவார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு டெலிபோன். ஜன்னலைத் திறந்தால் வைக்கோலும் குதிரைச் சாணமும் கொள்ளு வேகிற வாசனையும் கலந்து வரும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு டைப் அடித்தேன். பிறகு அந்த வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் வெறிச்சென்று இருந்தன.

சந்திரமோகன் சாருக்குக் குதிரை தெரியாது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஏதோ உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவர். 'பண்ணையை ஃபாக்டரி மாதிரி நடத்த வேண்டும்' என்று முதலாளிக்கு ஓர் ஆசை வந்து, அவரைக் கூட்டி வந்தார். வந்த உடனே சங்கு வைத்தார். ஆட்களுக்கு நம்பர் கொடுத்தார். குதிரை குட்டி போடும் நேரத்தில் ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்.

"இஞ்ச், அடி, இதெல்லாம் இங்க என் காதுல விழக்கூடாது. எல்லாம் மெட்ரிக். புரியுதா?"

லாயத்தில் ஒரு பழைய மர அளவுகோல் இருந்தது. அதைக் காவல்காரரிடம் கொடுத்து அடுப்பில் வைக்கச் சொன்னார். தன் கம்பெனிக் காலத்து ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்தார். குதிரையைச் சுவரோரம் நிறுத்தி, முதுகின் மேல் ரசமட்டம் வைத்து, மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார். அந்த அளவில் தப்பே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குதிரை வாங்குகிறவன் சென்டிமீட்டர் கேட்க மாட்டான். 'எத்தனை ஹேண்ட்?' என்றுதான் கேட்பான். ஹேண்ட் என்றால் கைதான். ஒரு கை நாலு இஞ்ச். சென்டிமீட்டரில் பத்து புள்ளி ஒன்று ஆறு. அதனால் சார் கால்குலேட்டரை எடுத்து, சென்டிமீட்டரை அதால் வகுத்து, வந்ததைப் பலகையில் எழுதச் சொன்னார். முதலாளிக்கு அந்தப் பலகைகள் ரொம்பப் பிடித்துப்போயின.

அப்பாவின் ஏக்கரா எங்கே போனது?

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சூளகிரிக்குப் பக்கத்தில் ஓர் ஏக்கரா இருந்தது. கேழ்வரகு, அவரை, மழை நன்றாகப் பெய்த வருடம் கொஞ்சம் தக்காளி. ஒரு தடவை சிட்டா எடுக்கப் போன அப்பா முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். சிட்டாவில் '0.40.5' என்று போட்டிருந்தது.

"ஒரு ஏக்கராங்கறது போயி நாப்பது ஆயிடுச்சும்மா. அறுபது சென்ட்டு எவனோ எழுதிக்கினான்."

அது ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. நாற்பதரை ஏர்ஸ் என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கரா. நிலம் ஒரு பிடியும் குறையவில்லை. நான் உட்கார்ந்து சொன்னபோது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியாதது வேறொன்று. தாலுகா ஆபீஸில் இதைக் கேட்டபோது அங்கிருந்த குமாஸ்தா பதில் சொல்லாமல் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இவரு நெலத்த எலி தின்னுடுச்சாம்" என்று சிரித்தாராம்.

"தெரியலன்னு தான கேட்டேன்? அதுக்கு எதுக்குச் சிரிக்கணும்?" என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணக்கு எனக்குப் பிடிக்கும். கணக்கை வைத்துக்கொண்டு ஆளை மட்டம் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்து ஆகாது.

பேரிகைக்குப் போய் வந்த குதிரை

மஸ்தான் பாய் பேரிகைக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருந்தவர். பேச்சு குறைவு, குதிரைகளிடம் மட்டும் ஓயாமல் பேசுவார். தேவய்யா பார்க்க வந்த அந்தப் பழுப்புக் குதிரை, பாய் கையில் பால்புட்டி குடித்து வளர்ந்தது. தாய் பிரசவத்திலேயே செத்துவிட்டது. பண்ணையில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர். பாய்க்கு அது 'கண்ணு'.

சில நாட்களுக்கு முன்னால் அதற்கு லாடம் கட்ட வேண்டியிருந்தது. பண்ணைக்கு வழக்கமாக வரும் ஆள் வரவில்லை. சாரே அனுமதி கொடுத்து, பாய் அதை நடத்திக்கொண்டு பேரிகை போய்ச் சாயங்காலம் திரும்பினார். இப்போது சந்தேகப்பட அதுவே போதுமானதாகிவிட்டது.

"பேரிகைல எவன்கிட்டய்யா குடுத்த? அங்க பூரா உங்க ஆளுங்கதான?"

அந்த 'உங்க ஆளுங்க' விழுந்ததும் லாயத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாய் குனியவில்லை.

"சார், இது நான் வளத்த குதிர. வேற குதிரயா இருந்தா எங்கிட்ட இப்பிடி நிக்குமா? நீங்களே பாருங்க."

"உயரம் குறையுமாய்யா? மூணு, ஒண்ணு ஆகுமா? உன் குதிர என்ன, தண்ணில நனச்ச துணியா?"

தேவய்யா காரில் ஏறினார். "நான் போலீஸுக்கு எல்லாம் வர மாட்டேன். உங்க பண்ணை, உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் பாய் குடும்பத்தோடு இருந்த குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் மனைவி சம்சாத் அக்கா பாத்திரங்களைப் போர்வையில் கட்டிக்கொண்டிருந்தார். "போலீஸுக்குப் போகாம விடறேன்னு சந்தோஷப்படு" என்றார் சந்திரமோகன் சார். அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே போய்ச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் போன் போடச் சொன்னார். நம்பர் சுழற்றியது நான். 'குதிரையை மாத்திட்டான், ஜாக்கிரதை' என்று ஒவ்வொரு இடத்துக்கும் பேசியது அவர்.

பதினாலு புள்ளி எட்டு

போன்கள் முடிந்ததும் வெளியே வந்து லாயத்து ஓரமாக நடந்தேன். பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே போனேன். 15.1. 16.2. அடுத்தது, 14.8.

நின்றுவிட்டேன்.

வாரம் ஒருமுறை ஓசூரிலிருந்து வரும் மிருக டாக்டர் ஒரு தடவை டீ குடித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. குதிரை உயரத்தில் இருக்கிற புள்ளி தசமப் புள்ளி இல்லை. புள்ளிக்கு முன்னால் கை, பின்னால் இஞ்ச். ஒரு கைக்கு நாலே இஞ்ச் என்பதால் பதினாலு மூன்றுக்கு அடுத்தது பதினைந்துதான். பதினாலு நாலு என்று ஒன்று கிடையாது. அப்புறம் பதினாலு எட்டு எங்கிருந்து வரும்?

ஓடிப்போய்க் காகிதம் எடுத்தேன். பழுப்புக் குதிரையை சார் அளந்த உயரம் 155.4 சென்டிமீட்டர். பத்து புள்ளி ஒன்று ஆறால் வகுத்தால் 15.3. கால்குலேட்டர் சொன்னது சரிதான், பதினைந்து கையும் இன்னொரு கையில் பத்தில் மூன்று பங்கும். அந்த மூன்று பங்கு, மூன்று இஞ்ச் இல்லை. நாலு இஞ்சில் பத்தில் மூன்று, அதாவது ஓர் இஞ்சுக்குச் சற்று மேல். பதினைந்து கை என்பது 152.4 சென்டிமீட்டர். மிச்சம் மூன்று சென்டிமீட்டர், ஓர் இஞ்ச் சொச்சம். குதிரைக்காரர்கள் கணக்கில் அது பதினைந்து ஒன்று.

தேவய்யா அளந்தது பதினைந்து ஒன்று.

குதிரை மாறவில்லை. வளர்த்தவர் கையிலேயேதான் இருந்தது. பலகையில் புள்ளியைப் போட்டவருக்குத்தான் அந்தப் புள்ளி என்னவென்று தெரியவில்லை.

"ஆமா"

எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். விஷயம் முடிந்துவிட்டது, இப்போதே ஜீப்பை அனுப்பிப் பாயைக் கூட்டிவந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சார் அறைக்குள் போனேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்தார். ஒரு தடவை போட்டார், இன்னொரு தடவை போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "ஆமா" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவருக்குப் புரியாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியே இருக்க மாட்டேன். தெரியாதது குற்றம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாய்க்கு ஆள் அனுப்பட்டுமா சார்?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சரோஜா, இத நீ யார்கிட்டயும் பேசக் கூடாது. முதலாளிகிட்ட எல்லாப் பலகையும் காட்டிட்டேன். இப்பப் போயி எல்லாம் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? பலகைய மெதுவா ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்."

"பாய் என்ன சார் பண்ணுவாரு?"

"லாயத்துக்கு ஆளா கிடைக்காது? அவனுக்கும் வேற எங்கயாவது கிடைக்கும்."

"எங்க கிடைக்கும் சார்? இப்பதான எல்லா இடத்துக்கும் போன் போட்டீங்க?"

"வேலையப் பாரும்மா" என்றார்.

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒருவரை மிதித்துக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்த பிறகும் காலை எடுக்காத ஒருவரை நான் அவ்வளவு பக்கத்தில் அதுவரை பார்த்ததில்லை.

பேரிகையில்

அடுத்த நாள் லீவு சொல்லாமலே பேரிகைக்குப் பஸ் ஏறினேன். பாய் தன் மைத்துனர் வீட்டில் இருந்தார். வெளியே வெயிலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. சம்சாத் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். பண்ணையிலிருந்து வந்தவள்தானே நானும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா இப்ப?"

"தெரியும் பாய். அவரே கணக்குப் போட்டுப் பாத்தாரு."

"தெரிஞ்சும் ஆள் அனுப்பல."

"இல்ல."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "கேட்டுக்க. நேத்து சாயங்காலமே கிருஷ்ணகிரியிலேருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. குதிர திருடன் வூட்டுப் பொண்ணு வேணாமாம்."

அவர்கள் மகள் மும்தாஜுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வேறொரு பண்ணையில் வேலை பார்த்தார். சந்திரமோகன் சார் பேசிய போன் அவர் காதுக்கும் போய்விட்டது. அந்த போனில் நம்பரைச் சுழற்றிய என் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மும்தாஜ் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

பச்சைப் பலகையும் வெள்ளைப் பெயின்ட்டும்

முதலாளி வருகிற நாள் எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில், ஆட்கள் எல்லோரும் லாயத்தில் இருக்கும்போது, ஸ்டோரிலிருந்து பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தேன். முதல் பலகையிலிருந்து தொடங்கினேன். பழைய எண்ணைக் குறுக்கே அடித்து, சரியான எண்ணைக் கீழே எழுதினேன். 14.8 என்பதை 14.3 ஆக்கினேன். எனக்கு அழகாக எழுத வராது, பெயின்ட் வழிந்து புடவையெல்லாம் ஆனது.

"பைத்தியமா உனக்கு?" என்று சந்திரமோகன் சார் கத்திக்கொண்டு வந்தார். பிரஷ்ஷைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. அந்த நேரம் கார் உள்ளே வந்தது.

முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கணக்கைச் சொன்னேன், போன்களைச் சொன்னேன், சாத்திய கதவைச் சொன்னேன்.

முதலாளி முழுதும் கேட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "என்னய்யா சந்திரமோகன், குதிரையச் சுருக்கிட்டியே!" என்று அவர் தோளில் தட்டினார். சாரும் சிரித்தார். "சரி, அந்த பாய வரச் சொல்லு. தேவய்யாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவுதான். ஒரு ஜோக்காக முடிந்துவிட்டது.

ஜீப் போய்ப் பாயைக் கூட்டிவந்தது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலாளி, "தப்பு நடந்துபோச்சு பாய், நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு" என்றார்.

"வேல வேணாங்க."

"பின்ன என்ன வேணும்?"

"இவரு பேரிகைக்கு வரணும். பஸ் ஸ்டாண்டுல, எங்க ஜனங்க முன்னாடி நின்னு, மஸ்தான் திருடல, தப்பு என்னுதுன்னு சொல்லணும். போன் போட்ட எடத்துக்கெல்லாம் திருப்பி போன் போட்டுச் சொல்லணும். அது போதுங்க."

சந்திரமோகன் சார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குப் பெருசு பண்ணிக்கிட்டு..." என்று இழுத்தார்.

பாய் தலையாட்டினார். லாயத்துக்குள் போய்க் குதிரையின் கழுத்தில் சற்று நேரம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஜீப்பில் ஏறாமல், நடந்தே கேட்டைத் தாண்டிப் போனார். அதன் பிறகு எந்தக் குதிரைப் பண்ணையிலும் அவர் வேலை பார்க்கவில்லை. சூளகிரி ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டினார்.

பெயின்ட் விஷயத்துக்காக என்னை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கல்யாண மண்டபத்தில்

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு கல்யாணம். என் கணவரின் ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷம். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் எதிர் வரிசையில் சந்திரமோகன் சாரைப் பார்த்தேன். உடம்பு பெருத்து, தலை வழுக்கையாகி, அதே குரல். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சாம்பார் சாதம் பிசைந்த கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"...கடைசில பாத்தா குதிரைய யாரும் மாத்தல. புள்ளியத்தான் நான் மாத்திட்டேன்!"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள்.

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். "அந்த லாயத்து ஆள் பேர் என்ன சார்?"

நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "பேரா? ஏதோ ஒரு பாயிம்மா. ஞாபகம் இல்ல."

"மஸ்தான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பேரிகை மஸ்தான் பாய். அவர் மாத்தலன்னு உங்களுக்கு அன்னைக்கு மத்தியானமே தெரியும். நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்க கதவச் சாத்திக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. கதைல அதயும் சேத்துச் சொல்லுங்க சார். இவங்களும் கேக்கட்டும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இலையைப் பார்த்தார்கள். பாயசம் பரிமாற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். சந்திரமோகன் சாரின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? நல்ல காரியம் நடக்கற எடம்."

"அவங்க வீட்லயும் ஒரு நல்ல காரியம் நடக்க இருந்துச்சு சார்" என்றேன்.